நாற்பதாவது ஆள்

எங்கள் ஊர் மலையின் இடுப்பில் இருக்கிறது. கல்முனைப் பக்கம் யாரிடமாவது சொன்னால், "அங்கயும் ஆக்கள் இரிக்காங்களா?" என்று கேட்பார்கள். இருக்கிறோம். பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். மிச்சத்தை நடக்க வேண்டும், அல்லது யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிவர வேண்டும்.

யானைத் தொல்லையால் ஊர் காலியாகிறது என்று வந்து பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் மூடியதால் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் பொய்யில்லை. ஆனால் எங்களை உண்மையில் காலியாக்கியது கலியாணம்தான். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றவர்கள் பொறுப்பு. மலையில் கட்டிய வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான்? அதனால் மகள் உள்ளவர்கள் வயலை விற்று, கீழே சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு துண்டு வளவு வாங்கி, வீடு கட்டி, மகளோடு தாங்களும் இறங்கிப் போனார்கள். மகன் உள்ளவர்கள் மகனை மட்டும் அனுப்பினோம். எனக்கு ஒரே மகன். அவனைச் சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளை கேட்டு வந்தபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

எங்கள் மத்ஹபின் சட்டப்படி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நாற்பது ஆண்கள் வேண்டும். வயது வந்தவர்கள், அதுவும் அந்த ஊரிலேயே நிலையாகக் குடியிருப்பவர்கள். ஒருவர் குறைந்தாலும் குத்பாப் பிரசங்கமும் இல்லை, ஜும்ஆவும் இல்லை. மற்ற நாட்களைப் போல நண்பகல் லுஹரைத் தொழுதுவிட்டு வர வேண்டியதுதான். ஜும்ஆ நடக்காத இடத்தை எங்கள் ஆட்கள் ஊர் என்றே மதிக்க மாட்டார்கள்.

என் கணவர் பள்ளிவாசலின் மரைக்கார். அதன் நிர்வாகம் அவர் தலையில். வெள்ளிக்கிழமை விடிந்தாலே, யாருக்குக் காய்ச்சல், யார் சந்தைக்குப் போகப் பார்க்கிறார் என்று வீடு வீடாக விசாரித்துத் திரிவார். படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டு மூத்தவரைக்கூடக் கதிரையில் இருத்திப் பள்ளிக்குக் கொண்டுபோவார்கள். "ஊட்டுல ஒருத்தரும் என்னக் கணக்கெடுக்கிறல்ல, மரைக்கார் மட்டுந்தான் கணக்கெடுக்கார்" என்று மனுஷன் பகிடி விடுவார். அவர் அண்மையில் மௌத்தாகிவிட்டார். அத்தோடு எண்ணிக்கை முப்பத்தொன்பதாகிவிட்டது.

என் கணவர் மகனுக்குப் போன் எடுத்தார். "வெள்ளிக்கிழம ஒருக்கா வந்துட்டுப் போ மகன். ஒராள்தான் குறையிது."

மகன் வந்தான். நான் இறைச்சி ஆக்கி, அவனுக்குப் பிடித்த புளியாணமும் வைத்தேன். பள்ளி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். குத்பா ஒலிபெருக்கியில் குசினி வரைக்கும் கேட்கும். அன்றைக்கு முதலில் கேட்டது குத்பா இல்லை. புதிதாக வந்திருக்கும் மௌலவி இளம்பிள்ளை, மார்க்கத்தில் கண்டிப்பு. மிம்பர் மேடையில் ஏறுமுன் ஆட்களை எண்ணியிருக்கிறார். மைக் போட்டபடி கிடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

"தம்பி, உங்கள நான் இங்க கண்டதில்லியே. நீங்க எந்த ஊர்?"

நான் அகப்பையோடு நின்றேன். இந்த மலையில் பிறந்தவன், இந்தப் பள்ளியில்தான் ஓதப் படித்தவன். சொல்லு மகனே என்று வாய்விட்டே சொன்னேன்.

"நான் சாய்ந்தமருது" என்றான் என் மகன்.

யாரோ இருமினார்கள். பிறகு மௌலவி மெதுவாக, "அப்ப ஜும்ஆ கூடாது. லுஹர் தொழுவம்" என்றார். அதோடு மைக்கை நிறுத்திவிட்டார்கள்.

தகப்பனும் மகனும் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு மௌலவி மேல் ஆத்திரம், மகன் மேல் அதைவிட ஆத்திரம். "பொறந்த ஊரச் சொல்ல வாய் வரல்லியா உனக்கு?" என்று கேட்டேன்.

"பள்ளிக்குள்ள பொய் சொல்ல ஏலுமா உம்மா? என்ட வோட்டும் அங்க, புள்ளைகள் படிக்கிறதும் அங்க."

"அவன ஏசாத" என்றார் என் கணவர். "அவன் சரியாத்தான் சொன்னான். வந்து போறவன் கணக்கில வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் கூப்பிட்டன்." சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை.

மகனுக்குச் சோறு போட்டேன். "இனி இங்க இரிந்து என்ன செய்யப் போறீங்க? நீங்களும் வாப்பாவும் கீழ வந்திருங்களேன்" என்றான்.

"எங்க மகன் வாற? உன்ட மாமிட ஊட்டுக்கா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அந்த வீடு அவன் பெண்சாதியின் பெயரில் இருக்கிறது. அவளுடைய தாயும் தகப்பனும் அங்கேதான் இருக்கிறார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் பெருநாளைக்குப் போகலாம், வட்டிலப்பம் சாப்பிடலாம். படுக்கப் பாயோடு போய் இறங்க முடியாது. ஒரு மகளைப் பெற்றிருந்தால் நாங்களும் எப்போதோ இறங்கியிருப்போம். மகனைப் பெற்றவர்கள்தான் இந்த மலையில் கடைசிவரை கிடக்கப் போகிறோம்.

புறப்படும்போது, "வாற வெள்ளிக்கிழமையும் வாறன் உம்மா" என்றான்.

"வா மகன். இனி விருந்தாளிதானே, முன்னுக்கே சொல்லிட்டு வா" என்றேன்.

பகிடியாகத்தான் சொன்னேன். அவன் ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதான், எனக்குத் தெரியவில்லை என்று நினைத்து.