தோள் டீச்சர்

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குத் தோள் டீச்சர் என்று பெயர். அவளிடம் ஓட்டப் பழகிப் போன யாரோ ஒருவருடைய குறும்பு அது. "தோளுக்கு மேல பாத்தீங்களா?" என்று அவள் கேட்காத நாளே கிடையாது. லேன் மாறுவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார், இண்டிகேட்டரைப் போடு, கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலே ஒரு தடவை பார், அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடு. இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வைத்த பிறகுதான் மெயின் ரோட்டுக்கே விடுவாள்.

கண்ணாடியில் விழாத ஒரு துண்டு இடம் எல்லா வண்டிக்கும் உண்டு. நம்பாதவர்களை வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு, தானே இறங்கிப் போய் அந்த இடத்தில் நிற்பாள்.

"இப்ப நான் தெரியறேனா?"

"இல்ல டீச்சர்."

"ஆனா உயிரோட நிக்கிறேன்ல?"

ஓட்டுகிறவர்களை அவள் ரகம் பிரித்து வைத்திருந்தாள். திரும்பி முடித்த பிறகு இண்டிகேட்டர் போடுகிறவர்கள், கல்யாணம் முடிந்தபின் பத்திரிகை கொடுக்கிற ரகம். இடது பக்கம் போட்டுவிட்டு வலது பக்கம் போகிறவர்கள், தங்களுக்கே தாங்கள் எங்கே போகிறோம் என்று தெரியாத ரகம். இண்டிகேட்டரைப் போட்ட மறுநொடியே பக்கத்து லேனில் பாய்கிறவர்கள்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. "லைட்டு மின்னினா ரோட்டையே எழுதி வாங்கிட்ட மாதிரி நெனப்பு. அது உத்தரவு இல்லீங்க, கேள்வி. வரட்டுமான்னு கேக்குறீங்க. பதில் வர்றதுக்கு முன்னாடி போயிட்டா என்ன அர்த்தம்?"

வீட்டிலும் இதே புராணம்தான். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். டூல்ஸ் பையோடு பைக்கில் போய், மாடி மாடியாக ஏறி, நின்றுபோன லிஃப்ட்டுகளைக் கிளப்பிவிட்டு வருகிற வேலை. கிரீஸ் வாசனை கையைவிட்டுப் போகவே போகாது. அவள் சாப்பாட்டு மேஜையில் அன்றைய வண்டிக் கதைகளை அவிழ்க்கும்போது, அவர் தட்டைப் பார்த்தபடி சொல்லுவார்: "என் வண்டி மேல போகும், கீழ வரும். இடமும் இல்ல, வலமும் இல்ல. எவ்வளவு நிம்மதி பாத்தியா?"

"நிம்மதிதான். நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கறவங்க கத்துற கத்துல தெரியும் உங்க நிம்மதி."

அவர் சிரிப்பார். சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். ஒரே மகள் வெளியூரில் வேலையில் இருந்தாள். இரண்டு பேருக்கான வீட்டில் அந்தச் சிரிப்பும் இந்தப் பேச்சும்தான் சத்தம்.

டீச்சரிடம் வந்தவர்களில் ஒரு தையல்காரி இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், கடைவீதியில் துணி தைத்தும் பழசை அளவு குறைத்தும் கொடுக்கிறவள். அவளுடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸுக்குக் கொண்டு போக வேண்டும். "பஸ்ல அம்மாவால நிக்க முடியல டீச்சர். அதான் இந்த வயசுல இந்த விஷப் பரீட்சை" என்று முதல் நாளே சொன்னாள். பயந்த சுபாவம். ஆனால் ஒரு நல்ல குணம் இருந்தது: தப்புப் பண்ணினால் அடுத்தவன் மேல் பழி போட மாட்டாள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் "பாக்கல டீச்சர், பாக்காமப் போயிட்டேன்" என்று சொல்லிவிடுவாள். எதிரில் வந்தவன், பின்னால் ஹாரன் அடித்தவன், ரோடு போட்டவன் என்று ஊரையே திட்டுகிறவர்களுக்கு நடுவில் டீச்சருக்கு அவளைப் பிடித்துப் போனது.

அம்மாவின் உடம்பு மோசமாகிவிட, டெஸ்ட்டுக்குச் சீக்கிரம் போகலாமா என்று தையல்காரி கேட்டாள். டீச்சர் யோசித்தாள். தோளுக்கு மேலே பார்ப்பது இவளுக்கு இன்னும் பழக்கமாகவில்லை, நினைத்து நினைத்துத்தான் செய்கிறாள் என்று பட்டது. ஆனாலும் செய்கிறாளே. "சரி, போய்ட்டு வா" என்றாள். தையல்காரி முதல் தடவையிலேயே தேறினாள், ஒரு பழைய காரும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஒரு பிற்பகல். டீச்சர் ஒரு புது ஆளுக்கு ரவுண்டானாவில் திரும்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்கூல் முதலாளி போன் செய்தார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தடுமாறினார். "டீச்சர், பதறாதீங்க. வீட்டுக்காரருக்குச் சின்ன ஆக்சிடென்ட்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க." சின்ன என்ற வார்த்தையை அவர் அழுத்திச் சொன்னதிலேயே சின்னதில்லை என்று அவளுக்குப் பட்டது.

அவசரப் பிரிவின் வாசலில் ஒரு நீளமான வராந்தா. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா இல்லை, கை இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன, கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. டீச்சருக்கு அந்த அவசரத்திலும் கால் நின்றது. இவள் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

"என்னம்மா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

தையல்காரி தலையை நிமிர்த்தினாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"அம்மா நல்லா இருக்காங்க டீச்சர். நான்தான்... ஒருத்தர இடிச்சிட்டேன்."

டீச்சர் அவள் பக்கத்தில் குனிந்து தோளில் கை வைத்தாள். அழுகிற மாணவிகளைத் தேற்றித் தேற்றிப் பழகிய கை, தானாகவே போனது. "அழாத. எப்படி ஆச்சு?"

"பாலம் இறங்குற எடத்துல. வலது லேன்ல போய்ட்டிருந்தேன். டயாலிசிஸ் முடிஞ்சு அம்மாவக் கூப்பிட நேரமாச்சு. இடது பக்கம் திரும்பணும்னு கடைசி நிமிஷத்துல ஞாபகம் வந்துச்சு. இண்டிகேட்டர் போட்டேன். பாக்கல டீச்சர். பாக்காமப் போயிட்டேன். ஒரு பைக்... துப்பட்டாவ வச்சு ரத்தத்த அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஆம்புலன்ஸ்ல வந்தேன். டூல்ஸ் பையெல்லாம் ரோடு முழுக்கச் சிதறிக் கெடந்துச்சு."

டூல்ஸ் பை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டீச்சரின் கை அவள் தோளிலிருந்து நழுவியது. அதே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். "லிஃப்ட் மெக்கானிக்கோட வீட்டுக்காரங்க யாரு?"

"நான்தான்" என்றாள் டீச்சர்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது, மூச்சு உள்ளே போய் அங்கேயே மாட்டிக்கொண்ட மாதிரி. டீச்சர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவருக்கு நினைவு திரும்பவே இல்லை. மகள் வந்து சேர்ந்து, அப்பாவின் கையைப் பிடித்து, "அப்பா, நான் வந்துட்டேன்" என்று சொன்ன பிறகுதான் உயிர் போனது. கிரீஸ் வாசனை அந்த விரல்களில் அப்போதும் இருந்தது.

பிறகு வந்த மாதங்களை டீச்சர் எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. சமைத்தால் இரண்டு பேருக்குச் சமைத்துவிடுவாள். மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பஸ்ஸில் போனால், டிரைவர் லேன் மாறும்போதெல்லாம் அவள் கால் தரையை அழுத்தும். ஸ்கூல் காரில் அவள் பக்கம் இன்னொரு பிரேக் உண்டு. எத்தனையோ பேரை அந்தக் கால் காப்பாற்றியிருக்கிறது. தையல்காரி தனியாக ஓட்டிய காரில் அந்தப் பிரேக் ஏது?

மகளுக்குக் கோபம் ஒரே திசையில் போனது. "அவ உள்ள போகணும்மா. அதப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது." டீச்சருக்கு அப்படி ஒரு திசை கிடைக்கவில்லை. தையல்காரியைச் சபிக்க வாயைத் திறந்தால், 'சரி, போய்ட்டு வா' என்று தான் சொன்னதுதான் முதலில் ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருந்தால் அந்தக் கழுத்து தானாகவே திரும்பியிருக்குமோ? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இல்லை என்பார்கள். அந்த இல்லையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. தையல்காரியின் வக்கீல் கெட்டிக்காரர். என் கட்சிக்காரர் இண்டிகேட்டர் போட்டிருக்கிறார், அதற்குச் சாட்சி இருக்கிறது. பின்னால் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்குச் சரியாக ஊட்டப்படவில்லை. அரைகுறைப் பயிற்சியோடு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். அனுப்பியது யார் என்று அவர் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. டீச்சர் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் இல்லை என்று சொல்லியிருக்கக்கூடிய விஷயத்தை ஒருவர் நடு மண்டபத்தில் ஆமாம் என்கிறார்.

கூண்டில் நின்ற தையல்காரி கையைத் தூக்கினாள். நான் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கேட்டாள். வக்கீல் கண்ணாலேயே அவளை அடக்கப் பார்த்தார். நீதிபதி சொல்லுங்கள் என்றார்.

"அவர் சொல்றது சரியில்லீங்கய்யா. எனக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. தினமும் சொன்னாங்க. வண்டிய விட்டு எறங்கி, தெரியாத எடத்துல தானே போய் நின்னு காட்டினாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னிக்குப் பாக்கல. அவசரம். அவ்வளவுதாங்கய்யா. பழியத் தூக்கி அவங்க மேல போடாதீங்க. அவங்க வீட்டுக்காரர்தான்..."

மகள் பல்லைக் கடித்தாள். "நல்லவ மாதிரி நடிக்கிறா பாரும்மா."

"நடிக்கலடி" என்றாள் டீச்சர். "ஓட்டப் பழகும்போதும் அப்படித்தான். தப்புப் பண்ணா உடனே சொல்லிடுவா." புருஷன் போன நாளிலிருந்து ஊர் பார்க்க அழாதவள், அந்த மண்டபத்தில் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எதற்காக அழுதாள் என்று மகளுக்குப் புரியவில்லை.

தையல்காரி கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். லைசென்ஸ் போய்விட்டது. காரையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். டீச்சர் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வேறு எந்த வேலையும் அவளுக்குத் தெரியாது. பாலம் இறங்குகிற இடம் வந்தால் மட்டும், "அடுத்த ரோட்டுல திரும்புங்க" என்று சுற்றி அழைத்துப் போவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் வகுப்பு முடிந்து காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. சிக்னலில் நின்றபோது பக்கத்து பஸ் ஸ்டாப்பில் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். கூரை ஒழுகியது. வயதான ஒருத்தி கம்பத்தைப் பிடித்தபடி நிற்க, தையல்காரி ஒரு பிளாஸ்டிக் பையை அம்மாவின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். டீச்சர் காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறுங்க."

தையல்காரி ஓர் அடி பின்னால் போனாள். "வேண்டாம் டீச்சர்."

"அம்மா நனையறாங்க. ஏறு."

கிழவி முன் சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டீச்சரா? எம் பொண்ணுக்கு ஓட்டக் கத்துக் குடுத்த டீச்சரா? நல்லா இருங்கம்மா." யார் வீட்டு மனுஷன் செத்தான் என்று மகள் அவளிடம் சொல்லவே இல்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது. கிழவி பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தாள். "எம் பொண்ணுக்கு நேரம் சரியில்லம்மா. அந்தப் பாவம் என்னாலதான். என்னக் கூப்பிட வர்ற அவசரம். யாரோ பெத்த புள்ள, இப்படிப் போய்ச் சேந்துட்டாரு. அவரு பொண்டாட்டி என்ன பாடு படறாளோ. தெனமும் நெனச்சுக்குவேன்."

பின் சீட்டில் தையல்காரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீரைத் தள்ளியது.

"இருக்காங்கம்மா" என்றாள் டீச்சர். "வேலைக்குப் போறாங்க. வர்றாங்க."

"உங்களுக்குத் தெரியுமா அவங்கள?"

"தெரியும்."

"பாத்தா சொல்லுங்க, இந்தக் கெழவி மன்னிப்புக் கேட்டான்னு."

டீச்சர் தலையை ஆட்டினாள். வீட்டு வாசலில் இறங்கிய கிழவியைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டு, தையல்காரி மழையிலேயே திரும்பி ஓடி வந்து ஜன்னல் பக்கம் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்ணும் சொல்லாத" என்றாள் டீச்சர். "அம்மாவுக்குத் தலையத் துவட்டி விடு. போ."

அதன்பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. கிழவி அந்த வருஷமே போய்விட்டாள் என்று முதலாளி வழியாகக் காதில் விழுந்தது. துக்கம் கேட்கப் புறப்பட்ட டீச்சர், செருப்பு மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மகள் லீவுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் டீச்சர் இதையெல்லாம் சொன்னாள். மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"அப்பாவக் கொன்னவள வண்டியில ஏத்துனியா?"

"ஏத்தினேன்."

"அப்போ மன்னிச்சிட்டியா?"

"தெரியலடி. மழை பெஞ்சுது."

மகள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். ஊருக்குப் போன பிறகும் கொஞ்ச காலம் போன் செய்யவில்லை. அப்புறம் செய்தாள். சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு என்றெல்லாம் வழக்கம்போலக் கேட்டாள். அந்தப் பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.