அத்தை பூட்ஸ் போட்ட சீசன்

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பது அன்றைய குழம்பைப் பொறுத்தது. நல்ல நாளில் "ஏம்மா". மற்ற நாட்களில் "பிரம்மதேசத்துக்காரி". நெல்லு விளைகிற ஊரில் பிறந்தவளுக்கு மீன் குழம்பு எங்கே வரப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். என் கணவர் புதுச்சேரிக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர். நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பித்தால், வண்டியைத் துடைக்கிற சாக்கில் வாசலுக்குப் போய்விடுவார்.

நான் பி.காம். படித்தவள். தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஒரு டிப்ளமோவும் தபால் வழியில் முடித்திருந்தேன். மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, அத்தை கூடை தூக்குகிற அதே உப்புக் கம்பெனியில் எனக்கு சேஃப்டி அசிஸ்டென்ட் வேலை கிடைத்தது. காண்ட்ராக்ட் வேலைதான். சீசன் முடிந்தால் வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அவர்கள் இஷ்டம். வீட்டில் என்னோடு மல்லுக்கட்டுகிற அத்தை, உப்பளத்தில் மட்டும் "எங்க வூட்டுப் பொண்ணு ஆபீஸ்ல நாற்காலி போட்டு ஒக்காந்திருக்குது" என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டு திரிவாராம். இது அவருடைய ஜோடி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜோடி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் வாரி ஓரமாக ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளிக் கரை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஈர உப்புக் கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒருத்தி தூக்கிவிட வேண்டும். அதனால் பெண்கள் இரண்டிரண்டு பேராகத்தான் வேலைக்கு நிற்பார்கள். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவள் நடையையும் மற்றவள் சேர்த்து நடப்பாள். முடியாதவள் கீழே நின்று கூடையை நிரப்பிக்கொண்டிருப்பாள். ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், மேஸ்திரிகூடக் கேட்க மாட்டார். பொம்பளைகளுக்கு ஆயிரம் இருக்கும், அதைக் கேட்பது மரியாதை இல்லை என்பது இங்கே பழக்கம். அத்தையின் ஜோடி பக்கத்துத் தெருக்காரர். அவரை நான் பெரியம்மா என்பேன். இரண்டு பேரும் என் கணவர் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒருவர் தலைக்கு ஒருவர் கூடை ஏற்றியவர்கள்.

அந்த சீசன் தொடங்கும்போது சென்னையிலிருந்து ஒரு டிரெயினர் வந்தார். பாக்கிங் ஷெட்டில் மூட்டைகளை ஒதுக்கி, வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் வைத்தோம். கோல் செட்டிங், சேஃப்டி இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாள் டிரெயினிங். தகர ஷெட்டின் சூட்டில் அவர் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஆனாலும் சிரித்த முகம் மாறவில்லை, நல்ல மனிதர். இலக்கு இல்லாமல் உழைக்கக் கூடாது, ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கோல் வேண்டும் என்றார். என் கெட்ட நேரம், மைக்கை முதலில் அத்தையிடம்தான் நீட்டினார்.

"உங்க கோல் என்னம்மா?"

"மழை லேட்டா வந்தாப் போதும் சார்."

ஷெட்டே சிரித்தது.

"அது உங்க கையில இல்லையேம்மா. உங்க கையில இருக்கிறதா ஒண்ணு சொல்லுங்க."

அத்தை பக்கத்தில் இருந்த பெரியம்மாவைக் காட்டினார். "இவ கூடையை நான் தூக்கிவுடணும். என் கூடையை இவ தூக்கிவுடணும். வேற இன்னா சார் இருக்குது எங்க கையில?"

டிரெயினர் "டீம் வொர்க்!" என்று கைதட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

பிறகு ஸ்டாஃப் முறை வந்தது. நான் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். இந்த சீசன் முடிகிற வரைக்கும் நம்முடைய உப்பளத்தில் ஒருத்தருக்கும் அடிபடக் கூடாது, அதுதான் என் கோல் என்றேன். மேனேஜர் உற்சாகமாகி மைக்கை வாங்கினார். "இதை மட்டும் செஞ்சு காட்டுங்க மேடம். உங்களை பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு." எல்லாரும் கைதட்டினார்கள். அத்தை மட்டும் தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் கேட்டார். "அப்போ யாருக்காச்சும் அடிபட்டா உன் வேலை பூடுமா?"

"போகாது அத்தை. ஆனா நிலைக்காது."

"இன்னா எழவு வேலையோ" என்று சொல்லிவிட்டு மீன் ஆயப் போனார்.

டிரெயினிங் முடிவில் எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தோம். ஒருத்தரும் போடவில்லை. பூட்ஸ் காலோடு நடந்தால் மிதித்துச் சமன் செய்த பாத்தித் தரை பெயர்ந்துவிடும், சேறு கலந்து உப்பு கறுத்துவிடும் என்றார்கள். வீட்டுக்கு எடுத்துப்போன பூட்ஸில் ஒரு வீட்டில் துடைப்பம் நின்றது, இன்னொரு வீட்டில் கோழி முட்டை வைத்தது. நான் கரைமேல் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். கடைசியில் மேட்டிலும் கரையிலுமாவது போடுங்கள் என்று இறங்கி வந்தேன். அதற்கும் அசையவில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய சமயம். ஒரு நாள் காலையில் அத்தை பூட்ஸ் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

என்னால் நம்ப முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகி, கறுப்பு பூட்ஸோடு கரைமேல் மெதுவாக நடந்து வந்தார். "இன்னா ஆயா, போலீஸ் வேலைக்குப் போறியா?" என்று ஆண்கள் கேலி செய்தார்கள். "எங்க வூட்டு ஆபீசர் சொன்னா கேக்கணும்ல" என்று பதில் சொன்னார். மேனேஜர் ஓடிவந்து போட்டோ எடுத்தார். அது ஹெட் ஆபீஸுக்குப் போய், பெரிதாகப் பிரிண்ட் போட்டு, எங்கள் ஆபீஸ் வாசலில் மாட்டப்பட்டது. அத்தையைப் பார்த்து இன்னும் சில பெண்களும் பூட்ஸ் போட ஆரம்பித்தார்கள். டிரெயினிங் ஜெயித்துவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அத்தை பூட்ஸ் போட்டு வந்த அன்றைக்கே, வீட்டுக்குப் போகிற வழியில் அல்வா வாங்கினேன். அத்தை பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டார். "ஏம்பா, எனக்கு சுகர்னு தெரிஞ்சும் அல்வா வாங்கியாந்திருக்கா பாரு. கொல்லப் பாக்குறா உன் பொண்டாட்டி." ஆனாலும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எங்களுக்குள் அவ்வளவு சுமுகமாக ஒரு நாள் அதற்கு முன் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அத்தை பெரும்பாலும் கீழே பாத்தி ஓரத்தில் நின்று கூடை நிரப்பிக்கொண்டிருந்தார். பெரியம்மாதான் நடந்தார். நான் பார்த்தேன். வயதாகிவிட்டது, வெயில் வேறு என்று நினைத்தேன். இந்த ஊர்ப் பழக்கம் எனக்கும் ஒட்டிவிட்டது, கேட்கவில்லை. நான் வீட்டுக்குப் போகும் முன்பே அவர் குளித்துவிட்டு, புடவையைக் கால்மேல் இழுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். சண்டைக்கும் வருவதில்லை. பூட்ஸ் போட்டதிலிருந்து அத்தைக்குக் குணமே மாறிவிட்டது என்று கணவரிடம் கேலி செய்தேன்.

வீட்டில் ஒரு நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. எலி செத்துக்கிடக்கிறது என்று அரிசி டின்னை நகர்த்தினேன், பரணில் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலைக் கழுவும்போது அத்தையின் பூட்ஸை எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். நாற்றம் அதிலிருந்துதான் வந்தது. கவிழ்த்தேன். உப்புத் தண்ணீரோடு ஒரு கந்தல் துணி விழுந்தது. அந்தத் துணியின் நிறத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

உள்ளே ஓடி அத்தையின் காலிலிருந்து புடவையை விலக்கினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். நான் விடவில்லை. உள்ளங்காலில் குழி விழுந்திருந்தது. விரல்கள் கறுத்திருந்தன.

"வலிக்கலம்மா" என்றார். "நெசமா வலிக்கல. உப்புத்தண்ணி பட்டா ஆறிடும்."

அவர் பொய் சொல்லவில்லை. சுகர்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி போய்விடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். வலித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வலி இல்லாததால்தான் இவ்வளவு தூரம் போய்விட்டது.

புதுச்சேரிக்குப் போகும் வழியில் வண்டியில் பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் திருப்பும் மடையில் பழைய பலகை ஒன்று சேற்றில் கிடந்திருக்கிறது. அதில் இருந்த துருப்பிடித்த ஆணி அத்தையின் காலில் ஏறிவிட்டது. பெரியம்மாதான் பிடுங்கினாராம். ஆபீஸில் சொல்லலாம் என்று பெரியம்மா எழுந்தபோது அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்து, "சொன்னீன்னா அந்தப் பொண்ணு வேலை பூடும்டி. பர்மனென்ட் ஆவுற நேரம். என் தலைமேல சத்தியம் பண்ணு" என்றாராம். மறுநாள்தான் பூட்ஸ். வெறுங்காலோடு வந்தால் கட்டுத் தெரியும். நான் கண்டுபிடித்துவிடுவேன். என் கண்ணில் படாமல் இருக்கத்தான் நான் கொடுத்த பூட்ஸையே போட்டுக்கொண்டு, உப்புத் தண்ணீர் நிரம்பிய அதற்குள் அந்தக் காலை ஊறவைத்துக்கொண்டு, அவர் என் முன்னால் நின்றிருக்கிறார். நான் அதற்கு அல்வா வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருக்கும் கண் கலங்கியது, அதை நான் மறுக்க மாட்டேன். அத்தையிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சுகர்னால வந்ததுதானே மேடம். உப்பளத்துல நடந்ததுன்னு நாம எடுத்துக்க வேண்டியதில்ல" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஆமா சார். வூட்டாண்ட முள்ளு குத்திச்சு."

அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. மேனேஜர் மேலா, டிரெயினர் மேலா, கரைமேல் நின்று கத்திய என் மேலா, கட்டிலில் கிடக்கிற அந்த மனுஷி மேலா என்று தெரியவில்லை. வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் கையை அடித்துக்கொண்டு அழுதேன்.

மேனேஜர் போன பிறகு அத்தையிடம் சொன்னேன். "நடந்ததை நடந்தபடி ரிப்போர்ட் எழுதப் போறேன் அத்தை."

"எழுதாதடி." அதுவரை அவர் என்னை டி போட்டதில்லை.

"எழுதலன்னா அடுத்த சீசன்ல இன்னொருத்தி இப்படித்தான் பூட்ஸுக்குள்ள மறைப்பா."

"மறைச்சா மறைச்சுட்டுப் போறா. நான் எதுக்குடி மறைச்சேன்? உன் கால்ல வுழுறேன், எழுதாத."

விழுவதற்கு அவரால் எழக்கூட முடியாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஆபீஸுக்குப் போய் எழுதினேன். பெரியம்மா சாட்சிக் கைநாட்டு வைத்தார்.

கம்பெனியில் மடைப் பலகைகளை எல்லாம் மாற்றினார்கள். அடிபட்டால் உடனே சொல்ல வேண்டும், சொன்னவர்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டோம் என்று ஷெட்டில் எழுதிப் போட்டார்கள். ஒரு பெண் விரலில் சிராய்ப்பு என்று வந்து காட்டவும் செய்தாள். மழைக்கு முன்னால் சீசன் முடிந்தது. என் காண்ட்ராக்டும் முடிந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. நன்றி மேடம் என்று மட்டும் சொன்னார்கள். வாசலில் இருந்த போட்டோவை நானே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மாட்டவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

நான் எழுதியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நூறு முறை கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அத்தை வீட்டுக்கு வந்த பிறகு என்னோடு சண்டை போடுவதில்லை. பிரம்மதேசத்துக்காரி என்று கூப்பிடுவதில்லை. "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்கிறார். "வெளக்கு போடுறீங்களாம்மா" என்கிறார். அசலூர்க்காரியிடம் பேசுகிற மரியாதை. ஒரு நாள் நான் தாங்க முடியாமல், "ஏன் அத்தை வாங்க போங்கன்னு பேசுறீங்க, என்னைத் திட்டுங்களேன்" என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரியம்மா வேலை முடிந்து போகும்போது வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அடுத்த சீசன் தொடங்கிவிட்டது, இப்போது அவருக்கு வேறு ஜோடி. போன வாரம் நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வெளியே அத்தை அழுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில்கூட அவர் அழுததில்லை.

"கால நெனச்சு அழுவுறியா?" என்று பெரியம்மா கேட்டார்.

"கால் இன்னாடி கால்" என்றார் அத்தை. "அது போனாப் போவுது. அந்தப் பொண்ணுக்கு வேலை நிலைச்சிருந்தா, சரி, அதுக்குத்தான் போச்சுன்னு மனச ஆத்திக்கினு இருந்திருப்பேன். இப்ப சும்மால்ல போயிடுச்சு."