கத்தரி அக்காவின் மணிக்கட்டு

எங்கள் சலூனில் எனக்குப் பக்கத்து நாற்காலி கத்தரி அக்காவுடையது. முடி வெட்டும் வேகத்துக்கு வைத்த பெயர். புதிதாக வருகிறவர்கள், "ஏன், அவங்களுக்குக் காய்கறிக் கடையும் இருக்கா?" என்பார்கள். "ஆமா, முடி வெட்டினா கால் கிலோ இலவசம்," என்று அக்காவே முந்திக்கொள்வாள். அப்படி வாயடிக்கிற ஆள்.

ஏழாம் மாதத்தில் குழந்தை அவள் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. மயக்க மருந்து கொடுத்து, அறுத்து எடுத்தார்கள். அவள் வேலைக்குத் திரும்பியபோது நாங்கள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கு எப்படித் தெரியும்? வாயும் வயிறுமாக அவளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் கண்ணாடிக்குள் சிரித்து, "என்ன குழந்தை?" என்று கேட்பார்கள். "பொண்ணு," என்பாள். "யாரை மாதிரி இருக்கா?" என்று சிலர் தொடர்வார்கள். "தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்கங்க," என்று அவர்கள் பின்கழுத்தைத் தொடுவாள் அக்கா.

தையல் ஆறி, எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லி வெகுநாள் ஆன பிறகு, ஒரு மத்தியானம் துண்டு எடுக்கப் பின்னறைக்குப் போனேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கால்கள் மேலே நின்றன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா கையை ஊன்றித் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஸ்கூல்ல செய்வேன். இன்னும் வருதான்னு பார்த்தேன்," என்று இறங்கினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்படி நிக்கறப்ப ஒண்ணுமே ஞாபகம் வரலடி. விழக் கூடாதுங்கறது மட்டும்தான் இருக்கு," என்றாள்.

அன்றிலிருந்து அதே வேலைதான். ஆள் இல்லாத நேரமெல்லாம் பின்னறை. வீட்டில் அவள் கணவர், எங்களுக்கு மாமா, கூடத்து மேஜையை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார். மாமா லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் கையிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவள் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்வாராம். இவள் எதிலாவது மனசை வைக்கிறாளே என்று எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை போட்டாள், உள்ளே துணிக்கட்டு. ட்ரையரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு நாள் ஒரு அம்மாவின் காதோரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது கத்தரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. குனிந்து எடுக்கப் போனவளுக்கு விரல் மடங்கவில்லை. முதலாளியம்மா அந்த நிமிடமே பிசியோதெரபி பார்க்கச் சொல்லி, என்னையும் துணைக்கு அனுப்பினார்.

பிசியோ என் வயதுப் பெண். வீங்கிய மணிக்கட்டை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். தலைகீழாக நிற்கிற கதையை நான் சொன்னதும், மேஜைமேல் கையை ஊன்றிக் காட்டச் சொன்னாள்.

"பாருங்க, முழு பாரத்தையும் உள்ளங்கையோட அடிப்பகுதியில போடறீங்க. விரலெல்லாம் சும்மா கிடக்கு. விரலை விரிச்சு, நுனியால தரையை அழுத்திப் பிடிக்கணும். முன்னால சாயறப்ப அதுதான் உங்களை நிறுத்தும். தினமும் செய்யவே கூடாது. கைக்கு ஓய்வு வேணும்."

"தினமும் செய்யாம என்னால முடியாது," என்றாள் அக்கா.

"வலி ஆரம்பிச்சப்பவே ஏன் வரல?"

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள்: "இந்த வலி பரவாயில்லைன்னு இருந்துச்சும்மா. எங்க வலிக்குதுன்னு கேட்டா, இங்கன்னு தொட்டுக் காட்டலாம்."

பிசியோ அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

வீக்கம் முழுசாக வடியும்வரை தலைகீழாக நிற்கவே கூடாது என்று உத்தரவு. அந்த நாட்களில்தான் அக்கா முதன்முறையாக அழுதாள். சீப்பைக் கழுவும்போது அழுவாள், தரையைக் கூட்டும்போது அழுவாள். ஒரு சாயங்காலம் வீட்டில் மாமாவிடம் கேட்டிருக்கிறாள். அதை அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"நான் மயக்கத்துல இருந்தேன். நீங்க அவளைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"யாரை மாதிரி இருந்தா?"

"அப்படியே நீதான்," என்றாராம் மாமா. "நெத்தி, மூக்கு, எல்லாம். அதனாலதான் உன் முகத்தை என்னால பார்க்க முடியல. நீ தலைகீழா நின்னப்ப எனக்கு வசதியா இருந்துச்சு. காலைப் பிடிச்சுக்கிட்டா போதும்."

எந்த இடுகாட்டில் புதைத்தார் என்பதையும் அன்றுதான் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அதோடு சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். ஆகவில்லை. வேறு ஊரில் பெரிய கட்டடத்தில் லிஃப்ட் போடும் வேலை வந்தது, மாமா போனார். முதலில் வாரக் கடைசியில் வந்தார். பிறகு எப்போதாவது வந்தார். பிறகு போன் மட்டும். சண்டை எதுவும் இல்லை. "அவர் நல்லவர்தான்," என்று மட்டும் சொல்வாள் அக்கா.

கை சரியானதும் பிசியோ சொன்னபடி முதலிலிருந்து தொடங்கினாள். மண்டியிட்டு, கையை ஊன்றி, முன்னும் பின்னும் மெதுவாக அசைவாள். விரல் நுனியை அழுத்தி உள்ளங்கையை மட்டும் தூக்குவாள். வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவாள். அவசரமே இல்லை. அடுத்த வருடம், சுவரைத் தொடாமல் பின்னறை நடுவில் நின்றாள். விரல்கள் தரையைக் கவ்விக் கவ்வி விட்டன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இறங்கி வந்தவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன்.

"ஞாயித்துக்கிழமை சும்மாத்தானே இருப்ப? என்கூட ஒரு இடத்துக்கு வா," என்றாள்.

ஊருக்கு வெளியே இருந்த இடுகாட்டுக்குப் போனோம். குழந்தைகளுக்கென்று ஒரு மூலை. கல் கிடையாது, அடையாளம் கிடையாது, புல் மட்டும்தான். காவல்காரர் கையை அகலமாக வீசி, "அந்த வருஷத்துக் குழந்தைங்க இந்தப் பக்கம் இருக்கும்மா. எதுன்னு சொல்ல முடியாது," என்றார். அக்கா அந்தப் பக்கம் முழுவதையும் மெதுவாகச் சுற்றி வந்தாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எங்கள் நிறுத்தம் வந்தது. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம்.