ஆறாம் நம்பர் பாய்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவள்தான், ஆனாலும் அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அடுப்பை அணைத்தோமா, மகள் பஸ்ஸைப் பிடித்தாளா என்று கவலைப்பட நிஜமான விஷயங்களே எனக்கு ஏராளம். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போடியில் ஒரு கிட்டங்கியில், அதாவது குடோனில், ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. மகள் கவிதா காலேஜில் கடைசி வருஷம். திங்கட்கிழமை பரீட்சையில் உள்ளங்கை அகல ட்ரோன் ஒன்றைத் தானாகப் பறக்க வைத்துக் காட்ட வேண்டும். காலேஜில் இருப்பதே அது ஒன்றுதான், உடைந்தால் அவள் வருஷமே போச்சு. வெளியே பறக்கவிட்டால் போடிமெட்டுப் பக்கமிருந்து இறங்குகிற காற்று தூக்கி எறிந்துவிடும், எங்கள் வீட்டிலோ இடமில்லை. அதனால் முதலாளியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிட்டங்கியைத் திறந்துகொடுத்தேன்.

கட்டடத்துக்குள் சாட்டிலைட் சிக்னல் சரியாகக் கிடைக்காதாம். அதனால் தரையில் ஆறு பாய் விரித்தாள். கறுப்பு வெள்ளையில் கட்டமும் வட்டமும் அச்சடித்த விரிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ட்ரோனின் வயிற்றிலிருக்கும் கேமரா கீழே பார்த்து, இது மூணாம் பாய், இது நாலாம் பாய் என்று தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும். நெஞ்சு உயரத்தில் அது போவதும் வருவதுமாக இருக்க, எங்கே மோதிவிடுமோ என்றிருந்தது எனக்கு.

ஆளுக்கொரு விரிப்புப் போட்டுத் தரையில் உட்கார்ந்துதான் நாங்கள் காய் பொறுக்குவோம். ஆள் எழுந்த இடத்தில் விரிப்பு கிடக்கக் கூடாது, காய் மிதிபடும், உடனே உதறிச் சுருட்ட வேண்டும். பதினைந்து வருஷப் பழக்கம். பதற்றத்தில் கை சும்மா இருக்குமா, ட்ரோன் பறந்துகொண்டிருக்கும்போதே மறுகோடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுருட்டிவிட்டேன். கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்த கவிதா தலை தூக்கினாள்.

"யம்மா, பாயெல்லாம் எங்க?"

"சும்மாதானத்தா கெடந்துச்சு."

"சும்மாவா? அதுக்கு இப்பக் கண்ணே தெரியாதும்மா."

ட்ரோன் வழி தெரியாமல் அலைந்து, சுவரில் ஓடிக்கொண்டிருந்த பெரிய காற்றாடியைப் பார்த்துப் போனது. கவிதா இறக்கப் பார்த்தாள், சொல் கேட்கவில்லை. காற்றாடி சுவிட்சு வாசல் பக்கம். ஆறு பாயையும் கட்டிக்கொண்டு நிற்கிறேன், கால் எழவில்லை.

சுழல்கிற இறக்கைக்கு ஒரு முழம் இருக்கும், அங்கே நின்றது. வெறும் சிமெண்டுத் தரைக்கு மேலே ஆணி அடித்த மாதிரி.

"ஆறாம் பாய் மேல நிக்குறதா காட்டுதும்மா," என்றாள் கவிதா, குரல் இறங்கி. ஆறாம் பாய் என் கக்கத்தில் இருந்தது.

"காத்தாடிய அமத்தும்மா, வெரசா."

அப்போதுதான் கால் வந்தது. காற்றாடி நின்றதும் ட்ரோன் கவிதா சொன்னதைக் கேட்டு, பூப்போல இறங்கியது. ஒரு கீறல் இல்லை. நான் அழுதே விட்டேன்.

"நாளைக்குக் காலேஜுக்கு மட்டும் வந்துராதம்மா," என்று சிரித்தாள்.

அவளிடம் அப்போது சொல்லாதது ஒன்று. அது இறங்கிய இடம் பாப்பாத்தியுடையது. என் சோடியாக வேலை பார்த்தவள், காற்றுக்காக எப்போதும் அங்கேதான் உட்காருவாள். நான் எதற்காவது பதறினால், "இருடி, ஒண்ணும் ஆவாது" என்பாள். போன மாசியில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த இடத்தில் இன்னும் யாரும் விரிப்புப் போடவில்லை.

திங்கட்கிழமை பரீட்சை நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் பல வருஷத்தில் தூங்காதது.

மறுநாள் கவிதா ட்ரோன் பதிந்துவைத்த கணக்கைக் காட்டினாள். தனக்குக் கீழே இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது அளந்துகொண்டே போகுமாம். வழி நெடுக நாலடி. காற்றாடிப் பக்கம் நின்றபோது மட்டும் ஒன்றரை அடி. ஆனால் அது தாழவே இல்லை, இரண்டு பேரும் பார்த்தோம்.

நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உச்சந்தலை வரைக்கும் டேப்பை வைத்து அளக்கச் சொன்னேன். நாலடியில் ஒன்றரை போக மிச்சமிருந்த அதே இரண்டரை அடி வந்தது.