சட்டையில்லாத சிலை

மலைமேல் வாழவந்தி நாட்டுச் சின்னமுத்து, மரவள்ளி மூட்டையை லாரியில் ஏற்றும்போதுகூடக் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். “கொஞ்சம் காத்து உள்ள போகட்டும் மாமா!” என்று கூட ஏற்றுபவர்கள் கேலி செய்வார்கள். வெற்றுடம்போடு நின்றால் கீழ்நாட்டு வியாபாரி “ஏய்” என்பான், சட்டை போட்டிருந்தால் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். அவர் நினைப்பு அதுதான். தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போன வருஷம் வெளியூர்ச் சிற்பி ஒருவர் வந்தார். செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் உழைப்பாளிக்கு வெண்கலச் சிலை வைக்கப் போகிறார்களாம். மூட்டையோடு இவரை நிறுத்தி, “சட்டையக் கழட்டிருங்க. உழைச்ச உடம்புதான் அழகு” என்றார்.

சின்னமுத்து தயங்கித்தான் கழற்றினார். அதுவரை அவர் பார்த்த வெண்கலமெல்லாம் கோயிலில்தான். சாமியை வார்த்துக் கொண்டுவந்த பிறகு பூசாரி வேட்டி கட்டிவிடுவார். தன் சிலைக்கும் யாராவது உடுத்திவிடுவார்கள் என்று நம்பிவிட்டார், பாவி மனுஷன்.

திறப்பு விழாவில் திரை விலகியது. இடுப்பில் துண்டு மட்டும். எல்லோரும் கைதட்டினார்கள். சிற்பிக்குச் சால்வை போர்த்தினார்கள். சிலைக்கு ஒன்றுமில்லை. கல்லூரித் தோழிகளோடு நின்ற மகள் கௌசிகா தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து அவள் ஸ்டாண்டுக்கு வராமல், முந்தின நிறுத்தத்திலேயே பஸ் ஏறினாள். சின்னமுத்துவை வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நாமளே போட்டுட்டா என்னங்க? உங்க உருவந்தானே” என்று மனைவி ஆத்தாயி வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கொடுத்தாள்.

காலையில் பீடத்தில் ஏறி, சிலையின் தோளில் சட்டையைப் போர்த்திக்கொண்டிருந்தார். புதிதாக வந்த காவலாளி ஓடிவந்தான்.

“டேய், எறங்குடா! உழைப்பாளி சிலைக்கு மரியாதை குடுக்கத் தெரியாதா? அது யாருன்னு தெரியுமாடா உனக்கு?”

அந்த நேரம் பார்த்து பஸ் உள்ளே வந்து நின்றது. ஜன்னலோரம் கௌசிகா, பக்கத்தில் தோழிகள். “நான்தாங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும், அவரை, பிறகு அவளை.

சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

“தெரியாதுங்க” என்றார்.

கௌசிகாவுக்கு அது கேட்டது. அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.