தம்பிக்கு விழுந்த நாடு

பழைய பத்திரிகையை விரித்து, அதன் மேல் தன் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்து, தம்பி அதற்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்த காட்சிதான் எனக்கு எப்போதும் முதலில் வருகிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிவீட்டின் பின்பக்கம், உடுப்புக் காயப்போடும் இடம். துறைமுகப் பக்கக் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்ரில் ஒட்டிவிடும் என்று என் பழைய சேலை ஒன்றை மறைப்பாகக் கட்டியிருந்தான். சிவப்புக் காய்ந்ததும், அட்டையில் வெட்டிய அச்சை வைத்து மஞ்சளில் நட்சத்திரங்களைப் போட்டான். ஒரு பெரியது, அதன் பக்கத்தில் நான்கு சிறியவை. என் மகன் அப்போதுதான் நடை பழகியிருந்தான். மாமாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்தத் தூரிகையைத் தரச் சொல்லி அழுதான்.

"டேய், இந்த ரெண்டு நிறமும் சேர வேண்டாம்," என்றேன்.

"அக்கா, இது சைனா. நட்சத்திரம் தெரியேல்லையே உங்களுக்கு?"

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று புரியாமல் இருக்கலாம். யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் அது வடக்கில் போராடிய இயக்கத்தின் கொடி நிறம். கொழும்பில் இருந்த தமிழர் யாரும் அதைப் பற்றி வாய் திறந்து பேசிக்கொண்டதில்லை, உடம்புக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கும்போது கை தானாக வேறு பக்கம் போகும். மஞ்சள் கரை வைத்த சிவப்புச் சேலை ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்துவிட்டு, மறுநாளே வெள்ளவத்தைக் கடைக்குக் கொண்டுபோய் நீலமாக மாற்றிக்கொண்டவள் நான். கடைக்காரர் காரணம் கேட்கவில்லை. என்னைப் போல் எத்தனை பேர் வந்திருப்பார்கள் அவரிடம்.

தம்பிக்கு அந்தப் பயம் வராததற்குக் காரணம் ஒரு கார் ஓட்டப் போட்டி. அவன் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்தான். அப்பாவும் அம்மாவும் இல்லாத பிறகு என்னோடுதான் இருந்தான். என் கணவர் கப்பலில் வேலை செய்ததால் வீட்டில் ஆண்பிள்ளை என்று இருந்தது அவன்தான். அந்த நாட்களில் ஒருவர் மட்டும் அமரக்கூடிய ஓட்டக் கார்களை வைத்து நாடுகளுக்கு இடையில் ஒரு போட்டித் தொடர் நடந்தது. மற்றக் கார் ஓட்டங்களில் கம்பனிகள் மோதும். இதில் நாடுகள் மோதின. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கார், அந்த நாட்டின் நிறத்தில். ஓட்டுகிறவன் அந்த நாட்டுக்காரனாக இருக்கவேண்டும். தம்பியை மயக்கியது இவை எதுவும் அல்ல. "எல்லாருக்கும் ஒரே கார் அக்கா. ஒரே எஞ்சின், ஒரே டயர். பணக்கார நாடு எண்டு கூட ஒரு ஆணி போட ஏலாது. ஓடுறவன்தான் வேற," என்பான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் வேறு எந்தப் பேச்சிலும் கண்டதில்லை. காலையும் மாலையும் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு சோதனைச்சாவடியைக் கடக்கிறவனுக்கு, எல்லோருக்கும் ஒரே கார் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இலங்கை அந்தப் போட்டியில் இல்லை. ஆகவே கடைக்காரர்கள் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டார்கள். போட்டிப் பருவம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு எங்கள் வீட்டில்தான் அந்தச் சடங்கு நடந்தது, எங்களிடம் கேபிள் இணைப்பு இருந்தபடியால். பேரிங் வந்த ஒரு தகரப் பெட்டிக்குள் நாடுகளின் பெயர்களைச் சுருட்டிப் போட்டுக் குலுக்கினார்கள். இந்தியாவையும் பாகிஸ்தானையும் போடவேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். கிரிக்கெட்டில் பட்டது போதுமாம். எடுத்த நாட்டை மாற்ற முடியாது, பருவம் முடியும்வரை அந்த நாட்டின் நிறத்தை வண்டியிலோ உடம்பிலோ வைத்திருக்கவேண்டும் என்பது விதி. கடை முதலாளிக்கு லெபனான் விழுந்தது. கவுண்டரில் தம்பியோடு நிற்கும் சிங்களவருக்கு ஒல்லாந்து விழுந்தது. தம்பியைவிட மூத்தவர், அவரை அவன், அண்ணன் என்று பொருள்படும் சிங்களச் சொல்லால், அய்யே என்றுதான் கூப்பிடுவான். தம்பிக்குச் சீனா.

வீடே சிரித்தது. உதிரிப்பாகம் விற்கிறவர்களிடம் சைனா என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: ஒறிஜினல் அல்லாத மலிவுச் சாமான்.

"சைனா சாமானுக்கு கேரண்டி இல்ல மகன்," என்றார் முதலாளி. "நம்மட கடையில திருப்பி எடுக்கவும் மாட்டம்."

"மல்லி, பாதி ரேஸ்ல சக்கரம் கழண்டு ஓடும், பாரு," என்றார் அய்யே தன் அரைத் தமிழில். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

"உங்கட ஒல்லாந்து எங்கட கோட்டையைப் பிடிச்சு வைச்சிருந்த ஆக்கள்தானே? நீங்க கதைக்காதீங்கோ அய்யே," என்றான் தம்பி. ஆனால் அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. சைனாக் கார் என்று ஒன்று இல்லை, கார் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று காட்டவேண்டும். அய்யே தன் ஹெல்மெட்டுக்கு ஒல்லாந்தின் செம்மஞ்சளை அடித்ததும் இவன் சிவப்பு வாங்கப் போனான். நான் வேண்டாம் என்றேன், சைனா என்றான். ஐந்து நட்சத்திரத்தையும் தொட்டுத் தொட்டுக் காட்டினான். உலகம் முழுவதும் தெரிந்த கொடி ஒன்று கொழும்பிலும் தெரிந்திருக்கும் என்று நம்பினான்.

தெரிந்துதான் இருந்தது, சில வாரங்களுக்கு. அவன் போகும் வழியில் இருந்த சாவடிச் சிப்பாய்க்கு அவன் பழக்கம். ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உன் சைனா என்ன ஆனது என்று கேட்பானாம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. மலிவுப் பெயின்ற். நட்சத்திரங்களின் முனைகள் உரிந்தன. சிவப்பின் மேல் மஞ்சள் திட்டுகளாக அவை மிஞ்சியபோது, வருகிற ஞாயிறு திரும்ப அடிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஞாயிறு வருவதற்குள் சாவடியில் ஆட்களை மாற்றிவிட்டார்கள்.

நான் அப்போது, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில், ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை செய்தேன். தம்பியின் கடை முதலாளி போன் எடுத்து, தம்பி வேலைக்கு வரவில்லை என்று சொன்னபோது, யாரோ ஒரு தாய் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக் கடதாசியைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். சட்டத்தரணி சேர் நல்ல மனிதர். அன்றே என்னோடு பொலிசுக்கு வந்தார். சாவடியில் ஹெல்மெட்டைப் பார்த்துப் பிடித்ததாக அங்கே சொன்னார்கள். திரும்பி வந்ததும் வாசலில் நின்று சொன்னார்: "பிள்ளை, குற்றம் எழுதியிருந்தா நான் வழக்காடலாம். இவங்கள் ஒண்டும் எழுதேல்லை. எதை எதிர்த்து நான் கதைக்கிறது?" எத்தனையோ குடும்பங்களுக்கு அவர் அதைச் சொல்வதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். எனக்குச் சொல்லப்படும்போது அது வேறு வசனமாக இருந்தது.

அய்யே தானாகவே வந்தார். தன் செம்மஞ்சள் ஹெல்மெட்டையும் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு என்னோடு பொலிசுக்கு வந்து, அதிகாரியின் மேசையில் வைத்து, எல்லாவற்றையும் சிங்களத்தில் விளக்கினார். போட்டி என்றால் என்ன, சீட்டு எப்படிப் போட்டோம், ஒருவர் எடுத்ததை மாற்ற முடியாது என்ற விதி. பொறுமையாக, ஒரு வாடிக்கையாளருக்குச் சாமான் விளக்குவதைப்போல விளக்கினார். அந்த அதிகாரி கெட்ட மனிதராகத் தெரியவில்லை. செம்மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, வேலை நன்றாக இருக்கிறது என்றார். சீட்டுப் போட்டதை நம்புவதாகவும் சொன்னார். பிறகு கேட்டார்: "அத்தனை நாடு இருக்க, அவனுக்கே ஏன் அது விழுந்தது?"

அய்யே ஹெல்மெட்டையும் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அதற்குப் பதில் தெரியாது. வெளியே வந்து தன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், தங்கச்சி என்று சிங்களத்தில் விளித்து, "நங்கி, மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றார் அய்யே. பிறகு அவர் வரவில்லை. வீட்டில் பயந்திருப்பார்கள். அவரைக் குறை சொல்ல நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன், முடியவில்லை. அந்தச் செம்மஞ்சள் நிறத்தோடு அதே சாவடியை அவர் நாளும் கடந்தார். அது மட்டும்தான் என்னால் மறக்க முடியாதது.

கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாத செவ்வாய்க்கிழமை இல்லை. தம்பியைப் பொலிசிலிருந்து சிறைக்கு மாற்றினார்கள்; பார்க்கப் போகும்போது சோறு கொண்டுபோவேன், சவர்க்காரம் கொண்டுபோவேன், அந்த வாரத்து ஓட்டத்தில் யார் வென்றார் என்ற செய்தியையும் கொண்டுபோவேன். எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. டிவி முன்னால் இருந்து மனப்பாடம் செய்துகொண்டு போவேன். முதலில் கேட்டான். சீனா எந்த இடத்தில் வந்தது என்று கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுச் சிரிக்கவும் சிரித்தான். இடையில் அவனை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்திருந்தார்கள். அதன் பிறகு நான் ஓட்டத்தைப் பற்றி வாயெடுத்ததும், பக்கத்தில் நின்ற காவலரைப் பார்த்துவிட்டு, "எந்த ஓட்டம்? எனக்கு அப்பிடி ஒண்டும் தெரியாது," என்றான். சத்தமாகச் சொன்னான். எனக்காகச் சொல்லவில்லை.

பருவம் முடிந்து, அடுத்த பருவமும் தொடங்கிய பிறகு அவனை விட்டார்கள். குற்றம் எதுவும் சொல்லாமல் பிடித்தார்கள், குற்றம் எதுவும் இல்லை என்று சொல்லாமல் விட்டார்கள். ஹெல்மெட்டைத் திருப்பித் தரவில்லை. முதலாளி வேலையைத் திருப்பிக் கொடுத்தார், அதற்கு நன்றி. ஆனால், "முன்னுக்கு நிக்க வேணாம் மகன், பொலிஸ்காரங்களும் சாமான் வாங்க வார எடம்," என்று பின்கட்டுக் களஞ்சியத்தில் விட்டார். வாடிக்கையாளரோடு பகிடி விட்டே வியாபாரம் முடிக்கிறவன், இருட்டில் பெட்டிகளோடு நின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டிவியைப் போட்டால் எழுந்து வெளியே போவான். ஒரு நாள் கேபிளை வெட்டச் சொன்னான், வெட்டிவிட்டேன். அதன் பிறகு கனடாவுக்குப் போனான். இப்போது பனிக்குள் வீடு வீடாகப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓட்டுகிறான். கலியாணம் செய்யவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, பழையதைக் கிளறாதீர்கள் என்று இப்போது நிறையப் பேர் அறிவுரை சொல்கிறார்கள். முடிந்துவிட்டது என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கிறது. எனக்கு யுத்தத்தில் இழந்தது என்ன என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு புதைகுழி இல்லை. சிரித்துக்கொண்டு பேசுகிற ஒரு தம்பி இருந்தான், அவ்வளவுதான்.

நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறி நெடுங்காலம். மாமாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தக் குழந்தை இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறான். மாமாவுக்கு நடந்தது அவனுக்குத் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனும் அவனுடைய கூட்டாளிகளும் சேர்ந்து ஒருவர் அமரும் ஓட்டக் கார் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். வெளிநாட்டில் மாணவர்களுக்கு ஒரு போட்டியாம், இலங்கையின் பெயரில் போகப்போகிறார்களாம். சென்ற வாரம் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தான். அடர்சிவப்பு. நெஞ்சில் வாள் பிடித்த மஞ்சள் சிங்கம். என் கையிலிருந்த கோப்பை தானாக விழுந்தது.

"கழட்டு," என்றேன்.

"ஏனம்மா? இது எங்கட கொடி."

அவன் குரலில் இருந்த நிச்சயத்தை எனக்குத் தெரியும். குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன். அன்று பின்னேரம் சிரித்துக்கொண்டு வந்தான். காலி நகருக்குப் போகும் பெரிய வீதியில் பொலிஸ் மறித்ததாம். கூட்டாளியின் லைசன்சைப் பார்த்தார்களாம். சட்டையைப் பார்த்துவிட்டு, "ஆ மல்லி, கப்போட வாங்க," என்று முதுகில் தட்டி விட்டார்களாம். அவனுக்கு அது பகிடி. தட்டிக்கொடுத்த கையை நினைத்துச் சந்தோசப்படத்தான் வேண்டும், தாய்க்கு வேறென்ன வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சந்தோசம் வாய்க்குள் கசக்கிறது.

அந்தச் சட்டையில் மகனை எடுத்த படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று தெரியாது. பிறகு குரலில் ஒரு செய்தி வந்தது. பின்னணியில் வானின் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

"வடிவா இருக்கிறான் அக்கா. பையில வேற நிறத்தில சட்டை ஒண்டு வைச்சு விடுங்கோ."

வைத்திருந்தேன். படம் எடுப்பதற்கு முன்னமே, வெள்ளைச் சட்டை ஒன்றை மடித்து, அவன் பையில் புத்தகங்களுக்குக் கீழே வைத்திருந்தேன்.

இன்று காலை அவர்கள் காரைக் காட்சிக்கு வைக்கக் கொண்டுபோகும் நாள். கூட்டாளி கீழே வந்து ஹோர்ன் அடிக்க, மகன் அந்தச் சிவப்புச் சட்டையோடு படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கிப் போனான். அவன் அறைக்குள் போனேன். வெள்ளைச் சட்டை கட்டிலில் மடித்தபடி கிடந்தது. பாரம் என்று எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அதை அலுமாரிக்குள் வைக்கவில்லை. அவன் வீடு வந்து சேரட்டும்.