நெஞ்சு மாத்திரையும் கிட்னிக் கல்லும்

போன வாரம் முழுக்க எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் வாசம். காரணம், ஆலங்குடியில் தேங்காய் வியாபாரம் செய்யும் என் தங்கை புருஷன்.

மாப்பிள்ளைக்குக் கிட்னியில் கல். புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஷாக் வேவ் வைத்து உடைத்தார்கள். கத்தி கிடையாது, தையல் கிடையாது. வெளியிலிருந்தே அதிர்வலையை அனுப்பிக் கல்லைப் பொடியாக்கிவிடுவார்கள். பொடி சிறுநீரோடு போய்விடும். அன்று சாயங்காலமே வீடு திரும்பியவர், "பஞ்சர் ஒட்டுற நேரந்தான் மச்சான்" என்று போனில் அலட்டினார்.

மறுநாள் மத்தியானம் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணே, இடுப்புல வலி தாங்கலங்கிறாரு. வேர்த்து ஊத்துது. கேஸ் ட்ரபுள்னு சோடா கேக்குறாரு."

ஒரு காரைப் பிடித்து ஓடினேன். ஆள் வெளிறிப்போய்க் கிடந்தார். அள்ளிப் போட்டுக்கொண்டு அதே புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு விரட்டினோம்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா கேட்டார். "கிட்னியைச் சுத்தி ரத்தம் கட்டியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? முன்னாடியே கேட்டப்ப இல்லைன்னீங்களே."

மாப்பிள்ளை ஃபேனைப் பார்த்தார். தங்கை ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். "டெய்லி இதச் சாப்பிடுறாரு டாக்டர்."

"அது நெஞ்சுக்குங்க," என்றார் மாப்பிள்ளை ஈனஸ்வரத்தில். "நீங்க கிட்னிக்குத்தான பாக்குறீங்க?"

டாக்டரம்மா திட்டவில்லை. "அந்த அலைக்குக் கல்லு எது, சதை எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்க. கிட்னிக்கும் கொஞ்சம் அடி விழும். சின்னச் சின்ன ரத்தக்குழாய் கசியும். பெரும்பாலும் அதுவா ஆறிடும். உங்களுக்கு இந்த மாத்திரை அதை ஆற விடலை."

வார்டில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். கசிவு நிற்காவிட்டால் கிட்னியைக் காப்பாற்றுவதே கஷ்டம் என்றார்கள். தங்கை சாப்பிட மறுத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, நின்றது. கிட்னி பிழைத்தது.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஆவுடையார்கோவில் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் மூலம் முதல் மூட்டுவலி வரை ஒப்பிக்கிறோம். கேட்டால் எக்ஸ்ரேயைக்கூடக் காட்டுவோம். டாக்டரிடம் மட்டும் ஏன் இத்தனை ரகசியம்? அவரிடம் நல்ல பேர் வாங்கி என்ன செய்யப்போகிறோம்?

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா கேட்டார்: "வேற எதையாவது மறைச்சிருக்கீங்களா?"

மாப்பிள்ளை ரொம்ப யோசித்தார். திருந்திய முகம். "எப்பவாவது ஒரு சிகரெட் உண்டுங்க... வீட்டுக்குத் தெரியாது."

வீடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.